பிரான்சு ரேஸுக்குச் சொன்ன சரிங்க

என் அக்காவின் கணவர் பிரான்சுக்கு மோட்டார் ரேஸ் பார்க்கப் போகிறார் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்பே நுவரெலியா கடைவீதிக்குத் தெரிந்துவிட்டது. எனக்குச் சொன்னவர் தையல்காரர்.

நான் அப்போது கடைவீதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். ஓய்ந்த நேரத்தில் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு மலைநாட்டுச் செய்தி எழுதி அனுப்புவேன். மண்சரிவு, லொறி கவிழ்ந்தது, ஏப்ரல் மாதக் குதிரைப் பந்தயம், அவ்வளவுதான் செய்தி. தையல்காரர் எங்கள் கடை வாசலிலேயே மெஷின் போட்டிருந்தவர். 1936-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு காலை, தடித்த கம்பளித் துணியை மடியில் விரித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்க மச்சானுக்குத் தோள் அகலம் எம்புட்டு இருக்கும்?"

"எதுக்குங்க?"

"பங்களாவுலேருந்து ஓவர்கோட்டு ஒண்ணு சொல்லிவிட்டிருக்காங்க. டிரைவருக்காம். பிரான்சுல குளிருமாம்ல. நம்ம நுவரெலியாவ விடவா குளிரப்போகுது?" நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். "ரேஸுக்குப் போறாராமே. இங்கன ஓடுற குதிரை பத்தலியா அவருக்கு?"

எங்கள் ஊரில் ரேஸ் என்றால் குதிரைதான். ரேஸுக்குப் போகிறவன் என்றால் குடும்பத்தைக் கெடுக்கிறவன். மச்சான் ஒரு நாளும் பந்தயத் திடல் பக்கம் போனவரில்லை. அதனால் இது வேறு ஏதோ என்று மட்டும் புரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சின்ன ரயிலேறி, உடப்புசல்லாவைப் பாதையில் அவர்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன்.

மச்சான் அந்தத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கார் டிரைவர். துரைக்குக் கார் ஒரு பைத்தியம். இருவர் மட்டும் உட்காரக்கூடிய திறந்த கார் வைத்திருந்தார். அதை ஓட்டுவது பெரும்பாலும் அவர், பிரித்துச் சேர்ப்பது மச்சான். பங்களா கராஜை ஒட்டி மச்சானுக்கு இரண்டு அறை கொடுத்திருந்தார்கள். சிமெந்துத் தரை, தகரக் கூரை, வாசலில் தனிக் குழாய். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் வரிசைக்கு ஒரு குழாய் இருந்த காலம் அது. கடைவீதியில் பிறந்து வளர்ந்த என் அக்கா அந்தக் குழாயைப் பார்த்த பிறகுதான் தோட்டத்தில் குடியிருக்கச் சம்மதித்தாள்.

"வா தம்பி," என்றாள் அக்கா. "பிரான்சுக்காரரப் பாக்க வந்தியா? உள்ளதான் இருக்காரு."

மச்சான் தரையில் உட்கார்ந்து தன் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"நான் போறேன்னு யாருகிட்டயும் சொல்லலே மாப்ளே," என்றார்.

"கோட்டுத் தைக்கிறாங்களே மச்சான்."

"அதான் எனக்கும் வெளங்கலே."

நான் கேட்டேன், அவர் நடந்ததைச் சொன்னார். சில வாரங்களுக்கு முன் கண்டியிலிருந்து திரும்பும்போது இறம்பொடை வளைவில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. மச்சான் அருவியில் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றிக்கொண்டிருந்தார். துரை பாறையில் சாய்ந்து நின்று புகைத்தபடி பேசினார். ஜூனில் பிரான்சில் பெரிய ரேஸ். ஊர்ச் சாலைகளை மறித்துவிட்டு ஒரு பகலும் ஓர் இரவும் நிற்காமல் ஓட்டுவார்கள். துரையின் பள்ளித் தோழர் ஒருவர் இதே வகைக் காரை அதில் இறக்குகிறார். துரை லீவில் போகும்போது அங்கே போய் அவருக்கு உதவப்போகிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீயும் வா," என்றார்.

"நான் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன். சரிங்கன்னேன்."

"சரிங்கன்னா என்னா அர்த்தம்?" என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து.

"சரிங்கன்னா… தொரை சொன்னது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம்."

"அவருக்கும் அதே அர்த்தமா?"

மச்சான் குழந்தையின் வாயைத் துடைத்தார்.

தோட்டத்தில் 'சரிங்க' என்பது சம்மதம் அல்ல. அங்கே இருந்தவர்கள் அனைவருக்கும் இது தெரியும், துரைமாரைத் தவிர. நாளைக்குள் அந்த மலைத் தேயிலை முழுவதையும் கவ்வாத்து வெட்டி முடி என்று துரை சொன்னால், ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை சரிங்க என்பார். முடியாது என்பது அவருக்கும் தெரியும், பின்னால் கத்தியோடு நிற்கும் ஆட்களுக்கும் தெரியும். அந்தச் சொல் பேச்சை முடிப்பதற்கு. மற்றதை மறுநாள் மழையோ மலையோ பார்த்துக்கொள்ளும்.

துரையின் தமிழும் இதற்கு ஒரு காரணம். அவர் பிழையில்லாமல் பேசுவார். ஆனால் அது முழுவதும் ஏவல். வா, போ, நிறுத்து, கொண்டா. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் தமிழைத்தான் அவர் கற்றிருந்தார். யாரையும் எதையும் கேட்பதற்கு அவரிடம் தமிழ் இல்லை. இறம்பொடையில் அவர் அழைத்திருக்கலாம். வந்தது கட்டளை. பதிலாகப் போனது சரிங்க.

அதற்குள் காரியங்கள் நடந்துவிட்டன. கப்பலில் இடம் சொல்லியாயிற்று. மச்சானைப் படம் பிடித்து வரச் சொல்லி நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள், அம்மை குத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் சரிங்க என்றிருக்கிறார்.

அக்காவின் கவலை பிரான்சு அல்ல, வீடு. தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் அவளிடம் சொல்லியிருந்தார். துரை லீவில் இருக்கும் மாதங்களில் ஹட்டன் பக்கத்திலிருந்து வேறொரு துரை வந்து தோட்டத்தைப் பார்ப்பார். இங்கே டிரைவர் இருக்கமாட்டான் என்பதால் அவர் தன் டிரைவரைக் குடும்பத்தோடு கூட்டி வருகிறார். கராஜ் அறைகள் அவர்களுக்கு. அக்காவும் குழந்தையும் லயத்துக்குப் போகலாம் என்றால், அங்கே காம்பரா, அதாவது அறை, செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பேர் உள்ளவர்களுக்குத்தான். பேர் வேண்டுமென்றால் கூடை எடுத்துக் கொழுந்து பறிக்க வேண்டும்.

"திரும்பி வந்தப்புறம்?" என்று கேட்டேன்.

"வந்தப்புறம் பாத்துக்கலாம்ங்கிறாரு கிளாக்கர் ஐயா. வந்த டிரைவரை வெளிய போன்னு சொல்லுவாங்களா? அவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கும்ல."

அடுத்த வாரம் நான் போனபோது தொழிற்சாலை முற்றத்தில் கூட்டம். துரை சக்கரம் மாற்றப் பழக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காரின் சக்கரத்துக்கு நடுவில் ஒரே நட்டு. இரண்டு காதுள்ள பெரிய நட்டு. செப்புச் சுத்தியலால் தட்டிக் கழற்ற வேண்டும். துரை கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சான் ஜாக்கியைத் தள்ளி, தட்டி, உருவி, புதிய சக்கரத்தைச் செருகி, மறுபடி தட்டினார். துரை, "திரும்ப," என்றார். மச்சான் திரும்பச் செய்தார்.

கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள்.

"ஏண்ணே, பிரான்சு தொரைங்களுக்குச் சக்கரம் கழட்டத் தெரியாதாமா?"

"தெரிஞ்சா இவர ஏன் கப்பல்ல ஏத்துறாங்க."

"போறதுதான் போறீக, அங்கேருந்து ஒரு தொரைச்சாணியக் கையோட கூட்டியாந்துராதீக. அக்கா சுத்தியலத் தூக்கிரும்."

மச்சான் சிரித்தார். நெற்றியில் கிரீஸ் பட்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மகிழ்ச்சியாக இருந்தார். செப்பு இரும்பில் விழும் ஓசை, துரையின் தலையசைப்பு, மறுபடி ஓசை. அந்த ரேஸில் இரவில் விளக்கு வைத்துக்கொண்டு கார்கள் எப்படிப் போகும் என்று துரை சொன்னதை அவர் என்னிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். திரும்பிப் பார்த்தேன். கராஜ் பக்கத்து மேட்டில் அக்கா நின்றிருந்தாள். அவளும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போக விரும்பினார். அது எங்கள் மூவருக்கும் தெரியும். அந்த வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மார்ச்சில் ஹட்டன் பக்கத்து டிக்கோயாவிலிருந்து அந்தப் புதிய டிரைவர் வீடு பார்க்க வந்தார், மனைவியோடு. நான் அன்று அங்கே இருந்தேன். நல்ல மனிதர்கள். கையில் வாழைப்பழச் சீப்பு கொண்டுவந்தார்கள். அக்கா தேநீர் கொடுத்தாள். மச்சான் அந்த மனிதரைக் கராஜுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அந்தப் பெண் வாசலில் நின்று குழாயைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

"தண்ணி எப்பவும் வருமாக்கா?"

"வரும்."

"வெயில் காலத்துலயும்?"

"வரும்."

"இந்த பீட்ரூட்டு நீங்க போட்டதா? நாங்க வர்றப்ப புடுங்குற பருவமா இருக்கும்போல."

"இருக்கும்," என்றாள் அக்கா.

அவர்கள் போன பிறகு அக்கா கோப்பைகளைக் கழுவினாள். கழுவிய கோப்பையை மறுபடி கழுவினாள். மச்சான் உள்ளே வந்ததும் திரும்பாமலே பேசினாள்.

"நாளைக்குத் தொரைகிட்ட சொல்லுங்க. போறதுன்னா போறேன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. வரலேன்னா வரலேன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு."

"சொல்றேன்."

மறுநாள் அவர் சொன்னாரா என்று பிறகு அக்காவிடம் கேட்டேன். அவள் அதை நடித்தே காட்டினாள்.

"என்னங்க சொன்னீங்கன்னேன். சொன்னேன்னாரு. என்னான்னு சொன்னீங்கன்னேன். 'தொரை, வீட்ல ஒரு யோசனை'ன்னு ஆரம்பிச்சாராம். தொரை, 'மார்செய்ல கப்பல் எறங்கி ரயில் பிடி'ன்னாராம். இவரு சரிங்கன்னுட்டு வந்துட்டாரு."

இப்படி இரண்டு முறை நடந்தது. கப்பல் நெருங்கிக்கொண்டிருந்தது. அறைகளைக் காலி செய்யும் நாளைக் கிளாக்கர் சொல்லியனுப்பிவிட்டார். மூன்றாவது முறை மச்சானே என்னைத் தேடிக் கடைக்கு வந்தார். காரை வெளியே நிறுத்தியிருந்தார். துரை கிளப்பில் இருந்தார்.

"மாப்ளே, நீ வந்து இங்கிலீசுல சொல்லு. எனக்கு அவரு மூஞ்சியப் பாத்தா வேற வார்த்தை வரமாட்டேங்குது."

"என்ன சொல்லணும் மச்சான்?"

தெருவைப் பார்த்தபடி நின்றார். "நான் இன்னும் ஒண்ணும் சொல்லலேன்னு சொல்லு."

அடுத்த ஞாயிறு காலை நாங்கள் பங்களா ஆபீஸ் அறைக்குப் போனோம். மேசையில் பிரான்சு வரைபடம் விரித்திருந்தது. நான்கு மூலையிலும் பழைய ஸ்பார்க் பிளக்குகளைப் பாரமாக வைத்திருந்தார் துரை. என்னை யார் என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்றதும் சற்று மரியாதை தெரிந்தது, நாற்காலி வரவில்லை.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டிரைவர் இறம்பொடையில் சொன்ன சொல்லைத் துரை சம்மதமாக எடுத்துக்கொண்டார். அது சம்மதம் அல்ல. மறுப்பும் அல்ல. நீங்கள் சொன்னதைக் கேட்டேன் என்பதுதான் அதன் பொருள்.

"சரி என்றால் சரிதானே," என்றார் துரை.

"வெளியே அப்படித்தான் சார். தோட்டத்தில், உங்கள் முன்னால், அப்படி இல்லை."

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையை வெகுநேரம் பார்த்தார்.

"அப்படியானால் மேல்மலையை இந்த வாரம் கவ்வாத்து வெட்டி முடித்துவிடுவதாகக் கணக்கப்பிள்ளை சொன்னது?"

"அதுவும் இதேதான் சார்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. இந்த நாட்டில் தான் கேட்ட எல்லா 'சரிங்க'வையும் அவர் திரும்ப ஒருமுறை கேட்கிறார் என்று அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது. பிறகு மச்சானை நோக்கித் திரும்பினார். "நீ," என்று தொடங்கி நின்றார். "வா" என்று வந்ததை விழுங்கினார். புத்தகத்தில் படித்த ஒரு சொல்லைத் தேடி எடுத்ததுபோல், "வர… விருப்பமா?" என்றார்.

அவர் வாயிலிருந்து தமிழில் என் காதில் விழுந்த முதல் கேள்வி அதுதான்.

மச்சான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைகள் இரண்டும் பின்னால் ஒன்றையொன்று பிடித்திருந்தன.

"விருப்பந்தாங்க தொரை," என்றார்.

துரை தலையசைத்தார்.

"ஆனா வர முடியாதுங்க."

அந்த அறையில் முடியாது என்ற சொல்லை அதற்கு முன் ஒரு வேலையாள் சொல்லியிருப்பானா என்று தெரியவில்லை. வாசலில் தட்டோடு நின்ற பங்களாச் சமையல்கார அப்பு உள்ளே வராமல் அப்படியே பின்வாங்கினார். துரை ஏன் என்று கேட்டார். அதை விளக்க நான் வாய் திறந்தேன், மச்சான் முந்திக்கொண்டார்.

"வீடு போயிரும்ங்க. புது டிரைவர் குடி வந்தப்புறம் எம்பொண்டாட்டி புள்ளைக்கு நிக்க எடம் கெடையாதுங்க. நான் திரும்பி வந்தாலும் கெடையாதுங்க."

"இதை ஏன் இறம்பொடையில் சொல்லவில்லை? அவனைக் கேள்," என்று துரை ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

"நீங்க கேக்கலியேங்க தொரை."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. விவரம் சொல்வது போலத்தான் சொன்னார். துரையின் கழுத்து சிவந்தது. ஒரு பிளக்கை எடுத்து உருட்டினார். வரைபடத்தின் மூலை சுருண்டது. அவர் வேலையை விட்டு அனுப்பிவிடுவார், பத்துச்சீட்டு எழுதிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் அதைச் செய்யவில்லை. என்னிடம் தணிந்த குரலில் ஆங்கிலத்தில் பேசினார். தன் டிரைவர் வரவில்லை என்றால் வரவேண்டாம். ஆனால் அறைகள் விஷயம் முடிந்துவிட்டது. வரப்போகும் துரையிடம் தான் சரி என்று சொல்லியாகிவிட்டது. அவர் தன் ஆளிடம் சொல்லிவிட்டார். ஒரு கனவானிடம் கொடுத்த வார்த்தையைத் திரும்பப் பெற முடியாது. தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறிக்கு ஆள் வேண்டும். மச்சான் அதை ஓட்டலாம். பெண்சாதி பேர் பதிந்தால் லயத்தில் ஒரு காம்பரா.

இதை நான் தமிழில் சொல்லி முடித்தபோது துரை மச்சானின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன வரும் என்று எனக்கும் தெரியாது.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க," என்றார் மச்சான்.

அக்கா உடனே பதில் சொல்லிவிட்டாள். "நீங்க லொறி ஓட்டுங்க. கூடை நான் எடுக்கமாட்டேன். ஒருதரம் பேர் விழுந்துச்சுன்னா எம்மகளுக்கும் சேத்து விழும்." குறித்த நாளில் அவளும் குழந்தையும் கடைக்குப் பின்னால் நான் வாடகைக்கு இருந்த அறைக்கு வந்துவிட்டார்கள். புறப்படும் அன்று காலையிலும் பீட்ரூட் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றினாள் என்று மச்சான் சொன்னார். அவர் மற்ற லொறி ஆட்களோடு ஒரு கொட்டகையில் தங்கினார். சனிக்கிழமை மாலை வருவார், ஞாயிறு மாலை போவார். குழந்தை முதல் சில வாரம் அவர் புறப்படும்போதெல்லாம் கூடப் போக அழுதது.

தைத்த கோட்டைத் தையல்காரர் பங்களாவுக்கு அனுப்பினார். அது என்ன ஆயிற்று என்று தெரியாது. துரை ஏப்ரலில் தனியாகக் கப்பல் ஏறினார்.

அந்த ரேஸ் நடக்கவில்லை. ஜூனில் நடக்க வேண்டியது தள்ளிப்போனது; பிறகு இல்லையென்றே ஆகிவிட்டது. கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையில் உள்பக்கத்தில் சிறியதாகப் போட்டிருந்தார்கள். பிரான்சில் தொழிலாளர் வேலைநிறுத்தம். கார் செய்யும் தொழிற்சாலைகளுக்குள்ளேயே ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நானுஓயா ஸ்டேஷனுக்குப் போனேன். மச்சான் தேயிலைப் பெட்டிகளை இறக்க அங்கே வரும் நேரம் அது.

கூட்ஸ் ஷெட் ஓரத்தில் லொறியின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார். சொன்னேன். வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"யாரு நிறுத்துனாங்க ரேஸ?"

"தொழிலாளிங்க மச்சான். வேலை செய்யமாட்டோம்னு பாக்டரிக்குள்ளயே உக்காந்துட்டாங்களாம்."

"யாருகிட்ட சொன்னாங்க?"

"முதலாளிங்ககிட்ட."

"நேராவா?"

"நேராதான்."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "பேர் வெட்டலியா?"

"வெட்டலே. கூலியும் கூட்டிக் குடுத்தாங்கன்னு போட்டிருக்கு."

வேறு இரண்டு தோட்டத்து லொறி ஆட்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள். "என்னாங்க பேப்பர்ல?" என்றார் ஒருவர். மச்சான் என்னைப் பார்த்தார்.

"அந்த எடத்த மறுபடி படி மாப்ளே."

"ரேஸ் பத்தியா?"

"ரேஸ் கெடக்கட்டும். அவுங்க என்னா சொன்னாங்கன்னு இருக்குல்ல, அது."

நான் வரிவரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். பெட்டிகளைச் சரிபார்க்க வந்திருந்த, மச்சானின் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு ஷெட்டின் மறுமுனையிலிருந்து நடந்து வந்தார். லொறி ஆட்களில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "பேப்பர மடிங்க தம்பி," என்றார்.

"மடிக்க வேணாம்," என்றார் மச்சான். "படி."

படித்தேன். கண்டாக்கு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டிகளின் முத்திரையைப் பார்ப்பதுபோல் நின்றார். அங்கிருந்து நகரவில்லை.